வைத்தியர் பிழை விட்டால் யாரிடம் கேட்பது?

எமது வீடுகளில் வைத்தியர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் இருக்கும். ஒன்று, "டொக்டர் சொன்னால் சரி" என்று எதையும் கேளாமல் தலையாட்டுவது. மற்றது, ஏதாவது பிழைத்துவிட்டால் "அவரின்ரை லைசென்ஸைப் பறிக்க வேணும்" என்று கொதிப்பது. அந்தக் கொதிப்பும் இரண்டு கிழமையில் ஆறிவிடும். "ஏன் வீண் வில்லங்கம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, விடயம் அதோடு முடிந்துவிடும். ஒரு சிலர் மட்டும் முறைப்பாடு எழுதுகிறார்கள். அவர்களிலும் பலர் பிழையான இடத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்து, "இது எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்ற பதிலைப் பெறுகிறார்கள். அதற்குள் உரிய இடத்தில் முறையிடுவதற்கான காலமும் கடந்து போய்விடுகிறது.

ஐக்கிய இராச்சியத்தில் வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். சுருக்கமாக ஜீ.எம்.சி. என்பார்கள். இதன் அதிகாரம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும், உங்களுக்கு அநீதி நடந்ததாக நினைத்தால் எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். யுத்தத்தால் இடம்பெயர்ந்து இங்கு வந்து, மீண்டும் பரீட்சை எழுதி, அந்தச் சபையின் பதிவேட்டில் பெயர் சேர்க்கப்பட்டவன் என்ற முறையில், இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்ல முயல்கிறேன்.

ஜீ.எம்.சி. என்றால் என்ன?

1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட அமைப்பு இது. யார் உண்மையான வைத்தியர், யார் போலி என்று பொதுமக்கள் அறிந்துகொள்ள ஒரு பதிவேடு வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். இன்று அது 1983ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு பகுதிகளுக்கும் இதுவே பொதுவானது. என்.எச்.எஸ். வைத்தியர்களுக்கும் தனியார் வைத்தியர்களுக்கும் ஒரே சட்டம்தான்.

இதன் செலவு வைத்தியர்கள் செலுத்தும் பதிவுக் கட்டணங்களிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. அதனால் "வைத்தியர்களின் சங்கம்தானே, அவர்களுக்குத்தானே சாதகமாக நடப்பார்கள்" என்று எம்மவர்கள் நினைப்பதுண்டு. இது தவறு. சபையின் உறுப்பினர்களில் சரிபாதிப் பேர் வைத்தியர் அல்லாத பொதுமக்கள். வைத்தியர்களின் தொழிற்சங்கம் பி.எம்.ஏ. என்பது, அது வேறு, இது வேறு.

ஆனாலும் அந்தச் சந்தேகம் முழுக்கக் காரணமற்றது என்றும் சொல்ல முடியாது. ஹைட் என்ற ஊரில் ஜீ.பி.யாக இருந்த ஹரோல்ட் ஷிப்மன், 15 நோயாளிகளைக் கொலை செய்த குற்றத்துக்காக 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றார். நீதிபதி ஜனெற் சிமித் நடத்திய விசாரணையின் முதலாவது அறிக்கை, உண்மையில் கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று 2002இல் முடிவு செய்தது. இதே ஷிப்மன் 1976ஆம் ஆண்டிலேயே பெதிடின் என்ற மருந்தைத் தன் சொந்தப் பாவனைக்குப் பெறப் பொய்யான மருந்துச்சீட்டுகள் எழுதித் தண்டிக்கப்பட்டவர். அப்போது ஜீ.எம்.சி. ஓர் எச்சரிக்கைக் கடிதத்துடன் அந்த விடயத்தை முடித்துக்கொண்டது. சபை நோயாளர்களைப் பாதுகாப்பதைவிட வைத்தியர்களின் நலனையே அதிகம் பார்த்தது என்று 2004இல் வெளியான ஐந்தாவது அறிக்கை கடுமையாகச் சாடியது.

அதன் பின்னர் பல மாற்றங்கள் வந்தன. 2008ஆம் ஆண்டு மே மாத இறுதியிலிருந்து, குற்றச்சாட்டை நிரூபிக்க "சந்தேகத்துக்கு இடமின்றி" என்ற குற்றவியல் அளவுகோல் தேவையில்லை; "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்ற சிவில் அளவுகோல் போதும் என்றாகியது. 2012இல், விசாரிப்பவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் ஒரே ஆட்களாக இருக்கக் கூடாது என்பதற்காக, எம்.பி.ரி.எஸ். எனப்படும் வைத்தியர் தீர்ப்பாயச் சேவை மன்செஸ்டரில் தனியாக அமைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து, தொழில் புரியும் அனுமதி வைத்திருக்கும் ஒவ்வொரு வைத்தியரும் வழமையாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தனது தகுதியை மீளுறுதி செய்ய வேண்டும் என்ற நடைமுறையும் வந்தது.

தொழில்சார் தவறான நடத்தை என்பது எது?

பழைய காலத்தில் சட்டம் இதனை "தொழில் சார்ந்த இழிவான நடத்தை" என்ற பொருளில் அழைத்தது. இன்றைய சட்டம் வேறு விதமாகக் கேட்கிறது: இந்த வைத்தியரின் தொழில் புரியும் தகுதி குறைபட்டிருக்கிறதா? அதற்கு ஆறு காரணங்களைச் சட்டம் அனுமதிக்கிறது. தவறான நடத்தை, தொழில் திறமையில் தொடர்ச்சியான குறைபாடு, நீதிமன்றத் தண்டனை அல்லது பொலிஸ் எச்சரிக்கை, வைத்தியரின் சொந்த உடல் அல்லது உளநலக் குறைபாடு, போதிய ஆங்கில அறிவு இன்மை, வேறொரு ஒழுங்குபடுத்தும் அமைப்பு அவருக்கு எதிராக எடுத்த முடிவு என்பனவே அவை.

நடைமுறையில் பாரதூரமாகக் கருதப்படுபவை சிலவற்றைப் பார்ப்போம்.

பாலியல் எல்லை மீறல்: நோயாளியுடன் தகாத உறவு, தேவையற்ற அந்தரங்கப் பரிசோதனை முதலியன. அந்தரங்கப் பரிசோதனை எதுவாக இருந்தாலும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள விரும்புகிறீர்களா என்று வைத்தியர் கேட்க வேண்டும். இவரை "ஷப்பரோன்" என்பார்கள். வழமையாக அவர் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியராக இருப்பார். கணவரோ மகளோ கூட இருக்கலாம்; ஆனால் அவர்கள் பக்கச்சார்பற்ற சாட்சியாகக் கொள்ளப்பட மாட்டார்கள். எமது பெண்கள் வெட்கப்படாமல் இந்த உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.

நேர்மையின்மை: மருத்துவக் குறிப்புகளைப் பின்னர் திருத்தி எழுதுதல், பொய்யான தகைமை காட்டுதல், பொய்ச் சான்றிதழ் வழங்குதல்.

இரகசியம் காக்கத் தவறுதல்: எமது சமூகம் சிறியது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் வைத்தியரும் நோயாளியும் சந்தித்துக்கொள்வார்கள். உங்கள் கருச்சிதைவு, மனச்சோர்வு, மதுப்பழக்கம் பற்றி உங்கள் அனுமதியின்றி உங்கள் தாயிடமோ, மாமியாரிடமோ, ஊர்க்காரரிடமோ வைத்தியர் சொன்னால், அது வெறும் வம்பளப்பு அல்ல. தொழில் ஒழுக்க மீறல். ஒருவரின் உயிருக்குப் பாரதூரமான ஆபத்து, சட்டத்தின் கட்டளை போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டுமே இதற்கு விதிவிலக்கு உண்டு.

தொழிலுக்கு வெளியே நடப்பவை: மது அருந்தி வாகனம் ஓட்டித் தண்டிக்கப்படுதல், வீட்டு வன்முறை, மோசடி போன்றவையும் சபையின் பார்வைக்கு வரும்.

ஆராய்ச்சியும் இதில் அடங்கும். எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற பயம் எமது குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. 1998இல் அந்தப் பயத்தைக் கிளப்பிய கட்டுரையின் முதன்மை ஆசிரியர் அன்ட்ரூ வேக்ஃபீல்ட். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரது பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் மாற்றுக் கருத்துச் சொன்னார் என்பதற்காக இது நடக்கவில்லை. உரிய அனுமதியின்றிப் பிள்ளைகளைக் கடுமையான பரிசோதனைகளுக்கு உட்படுத்தியமை, தனது மகனின் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து இரத்தம் எடுத்தமை, தனக்கிருந்த பண ஆதாயத் தொடர்புகளை வெளிப்படுத்தாமை என்பனவே காரணம். அந்தக் கட்டுரையை வெளியிட்ட லான்செற் சஞ்சிகையும் அதே ஆண்டில் அதை மீளப் பெற்றுக்கொண்டது.

எல்லாப் பிழையும் குற்றமா?

இல்லை. இது முக்கியமான இடம். நல்ல வைத்தியரும் பிழை விடலாம். ஒரு தனிப்பட்ட பிழை, அது துயரமான விளைவைத் தந்திருந்தாலும்கூட, எப்போதும் தொழிலிலிருந்து நீக்கப்படக் காரணமாகாது.

2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் லெஸ்டர் நகர வைத்தியசாலையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் செப்சிஸ் எனப்படும் தீவிர தொற்று நிலையால் இறந்தான். சிகிச்சை அளித்த டொக்டர் ஹடிஸா பாவா-கார்பா, கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2015இல் தண்டிக்கப்பட்டார். நோயின் கடுமையை அவர் உரிய நேரத்தில் உணரவில்லை. அதேவேளை அன்று அவர் வேறு வைத்தியர்களின் வேலையையும் சேர்த்துச் செய்தார். கணினி பழுதாகி, இரத்தப் பரிசோதனை முடிவுகளும் தாமதித்தன. 2017இல் தீர்ப்பாயம் அவரை 12 மாதங்களுக்கு இடைநிறுத்தியது. அது போதாது என்று ஜீ.எம்.சி. மேன்முறையீடு செய்ய, 2018 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, இடைநிறுத்தமே சரியென்றது. 2019இல் நிபந்தனைகளுடன் தொழிலுக்குத் திரும்ப அவருக்கு அனுமதி கிடைத்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் தீர்ப்பாயத்தின் கேள்வி "பெற்றோரின் இழப்புக்கு ஈடாக என்ன தண்டனை?" என்பதல்ல. "இந்த வைத்தியரிடம் நாளைக்கு இன்னொரு நோயாளி போனால் ஆபத்தா? இவரைத் தொடர்ந்து பதிவேட்டில் வைத்திருந்தால் இந்தத் தொழில் மீது மக்களுக்கு நம்பிக்கை இருக்குமா?" என்பதே அதன் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டால், ஜீ.எம்.சி.யின் முடிவுகள் பல விளங்கும், ஏமாற்றமும் குறையும்.

முறைப்பாடு போகும் பாதை

முதலில் சபையின் அலுவலர்கள் முறைப்பாட்டைப் படித்துத் தரம் பிரிப்பார்கள். பெரும்பாலான முறைப்பாடுகள் முழுமையான விசாரணைக்குப் போவதில்லை. காத்திருப்பு நேரம், வரவேற்பாளரின் நடத்தை, விரும்பிய மருந்து தராமை போன்றவை இங்கேயே நின்றுவிடும். அத்துடன் சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டால், பொதுநலன் கருதி அவசியம் என்றால் மட்டுமே அதை எடுத்துக்கொள்வார்கள்.

விசாரணை தொடங்கினால் சபைக்குக் கணிசமான அதிகாரங்கள் உண்டு. மருத்துவக் குறிப்புகளையும் ஏனைய ஆவணங்களையும் கேட்டுப் பெறலாம். நிபுணர் ஒருவரின் கருத்தைப் பெறலாம். வைத்தியரின் திறமையை, உடல்நலத்தை, ஆங்கில அறிவைப் பரிசோதிக்கப் பணிக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால், விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்காலத் தீர்ப்பாயம் அவரை 18 மாதங்கள் வரை இடைநிறுத்தலாம் அல்லது நிபந்தனை விதிக்கலாம். அதற்கு மேலும் நீடிக்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

விசாரணையின் முடிவில், வைத்தியர் ஒருவரும் வைத்தியர் அல்லாத ஒருவருமாக இரண்டு பேர் கோவையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நடவடிக்கை வேண்டாம் என்று மூடலாம். ஆலோசனை கூறலாம். எச்சரிக்கை வழங்கலாம். மறுபயிற்சி பெறுவேன், மேற்பார்வையின் கீழ் வேலை செய்வேன் என்பது போன்ற உறுதிமொழிகளை வைத்தியரிடம் வாங்கலாம். பாரதூரமானால் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம். மூடப்பட்ட முடிவில் பிழை இருப்பதாக நீங்கள் நினைத்தால், மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தீர்ப்பாயத்தில் வழமையாக மூன்று பேர் இருப்பார்கள். வைத்தியர் ஒருவரும் பொதுமக்களில் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். வைத்தியரின் சொந்த நோய் பற்றிய விடயங்கள் தவிர, விசாரணை பொதுவாகப் பகிரங்கமாக நடக்கும். சாட்சி சொல்வோர் திரைக்குப் பின்னாலிருந்தோ வீடியோ மூலமோ சாட்சியமளிக்க ஏற்பாடு கேட்கலாம். பாலியல் குற்றச்சாட்டாக இருந்தால், சாட்சியின் சம்மதமின்றி அந்த வைத்தியர் தானே அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

தீர்ப்பாயம் மூன்று படிகளில் முடிவெடுக்கும். நடந்தது உண்மையா? உண்மையானால், வைத்தியரின் தகுதி இன்றைய நிலையில் குறைபட்டுள்ளதா? அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது படியில், வைத்தியர் தனது தவறை உணர்ந்தாரா, மன்னிப்புக் கேட்டாரா, திருந்த என்ன செய்தார் என்பவை பார்க்கப்படும். திறமைக் குறைவைப் பயிற்சியால் திருத்தலாம். பொய்யையும் பாலியல் குற்றத்தையும் அப்படித் திருத்துவது கடினம். அதனால்தான் சிகிச்சையில் பெரிய பிழை விட்டவர் தப்புவதும், அதை மறைக்கக் குறிப்பைத் திருத்தியவர் தொழிலையே இழப்பதும் நடக்கிறது.

என்ன தண்டனைகள் உண்டு?

உண்மையில் சட்டத்தின் நோக்கம் தண்டிப்பதல்ல, பொதுமக்களைப் பாதுகாப்பது. ஆனாலும் விளைவு கடுமையானதுதான்.

1. நிபந்தனைகள்: மூன்று ஆண்டுகள் வரை. உதாரணமாக, மேற்பார்வையின்றி வேலை செய்யக் கூடாது.
2. இடைநிறுத்தம்: ஒரு தடவையில் 12 மாதங்கள் வரை. பின்னர் மீளாய்வு செய்து நீடிக்கலாம்.
3. பதிவு நீக்கம்: பெயர் பதிவேட்டிலிருந்து அழிக்கப்படும். ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மீண்டும் சேர்க்கும்படி விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வைத்தியரின் நோயோ ஆங்கில அறிவின்மையோ மட்டும் காரணமாக இருந்தால் பெயரை அழிக்க முடியாது.

முடிவு அறிவிக்கப்பட்டு 28 நாட்களுக்குள் வைத்தியர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். மறுபக்கத்தில், தீர்ப்பு பொதுமக்களைப் பாதுகாக்கப் போதாது என்று கருதினால், ஒழுங்குபடுத்தும் சபைகளையே மேற்பார்வை செய்யும் தொழில்சார் தர அதிகாரசபையும் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம்.

ஜீ.எம்.சி.யால் செய்ய முடியாதவை

நட்டஈடு வாங்கித் தர முடியாது. அபராதம் விதிக்க முடியாது. சிறைக்கு அனுப்ப முடியாது. உங்களுக்கு வேண்டிய சிகிச்சையைத் தரும்படி கட்டளையிட முடியாது. வைத்தியசாலையின் ஆட்பற்றாக்குறைக்குப் பொறுப்புக் கேட்க முடியாது. எனவே உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

என்ன நடந்தது என்ற விளக்கமும் மன்னிப்பும் வேண்டுமானால், என்.எச்.எஸ். முறைப்பாட்டு வழியே சரியானது. இங்கிலாந்தில் ஜீ.பி. என்றால் சேர்ஜரியின் மனேஜருக்கு எழுதுங்கள்; அங்கே எழுத விருப்பமில்லை என்றால் உங்கள் பகுதியின் ஐ.சி.பி. எனப்படும் பராமரிப்புச் சபைக்கு எழுதலாம். வைத்தியசாலை என்றால் அதன் முறைப்பாட்டுப் பிரிவு. சிறு பிரச்சினைகளுக்குப் பால்ஸ் எனப்படும் நோயாளர் உதவிப் பிரிவு. சம்பவம் நடந்து, அல்லது உங்களுக்குத் தெரியவந்து, 12 மாதங்களுக்குள் எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வழிமுறைகளும் ஒம்புட்ஸ்மனும் வேறு வேறு.

நட்டஈடு வேண்டுமானால் மருத்துவ அலட்சிய வழக்குகளில் அனுபவமுள்ள சட்டத்தரணியை நாடுங்கள். சம்பவம் நடந்த, அல்லது அலட்சியம் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிள்ளைகளுக்கு அந்த மூன்று ஆண்டுகள் 18 வயதிலிருந்துதான் எண்ணப்படும். ஜீ.எம்.சி.யின் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

குற்றச்செயல் என்றால், உதாரணமாகப் பாலியல் தாக்குதல் என்றால், பொலிஸ். ஜீ.எம்.சி.க்கும் சேர்த்தே அறிவிக்கலாம்.

தாதி, பல் வைத்தியர், மருந்தாளர் ஆகியோருக்குத் தனித்தனிச் சபைகள் உண்டு. பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் பதிவு செய்யப்படுவோர் வைத்தியர்கள் அல்லர். ஆனால் 2024 டிசம்பரிலிருந்து அவர்களையும் ஜீ.எம்.சி.யே ஒழுங்குபடுத்துகிறது. விடுமுறையில் கொழும்பிலோ சென்னையிலோ சிகிச்சை பெற்றுப் பிரச்சினை வந்தால், அந்த வைத்தியர் இங்கு பதிவில் இல்லாதவரை ஜீ.எம்.சி.யால் ஒன்றும் செய்ய முடியாது. இலங்கை மருத்துவச் சபைக்கோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கோதான் எழுத வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"முறைப்பாடு செய்தால் சேர்ஜரியிலிருந்து எங்களை வெட்டிவிடுவார்களா?"
முறைப்பாடு செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நோயாளியை நீக்கக் கூடாது என்பது ஜீ.எம்.சி.யின் தெளிவான வழிகாட்டல். அப்படி நீக்கினால் அதுவே இன்னொரு முறைப்பாட்டுக்குக் காரணமாகும்.

"எங்கள் விசாவுக்கு ஏதும் பாதிப்பு வருமா?"
உங்கள் வதிவிட அனுமதிக்கும் வைத்தியர் மீதான முறைப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. அரசாங்க அலுவலகத்தில் வாய் திறந்தால் பெயர் எழுதப்பட்டுவிடும் என்ற பயத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியும். இங்கு முறைப்பாடு என்பது துரோகமுமல்ல, துணிச்சலுமல்ல, சாதாரண உரிமை.

"எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராதே?"
மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முதலிலேயே சொல்லுங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். முறைப்பாடு எழுத உதவும் இலவச ஆதரவுச் சேவை உண்டு. உங்கள் உள்ளூராட்சி சபையிடம் விசாரித்தால் விபரம் தருவார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் அந்தரங்க நோயை பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்ப்பது இருவருக்கும் நல்லதல்ல.

"எனது பெயர் அந்த வைத்தியருக்குத் தெரியவருமா?"
விசாரணை நடந்தால் பெரும்பாலும் தெரியவரும். தன்மீது என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் அவர் பதில் சொல்ல முடியாதல்லவா?

"ஒருவர் உண்மையான வைத்தியர்தானா என்று எப்படி அறிவது?"
ஜீ.எம்.சி.யின் பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரையோ ஏழு இலக்கப் பதிவு எண்ணையோ கொடுத்தால், தொழில் புரியும் அனுமதி உண்டா, நிபந்தனை அல்லது இடைநிறுத்தம் உண்டா என்பது தெரியும். உங்கள் ஊர் விளம்பரப் பத்திரிகையில் "டொக்டர்" என்று போட்டுத் தோல் ஊசியும் இரத்தச் சுத்திகரிப்பும் செய்பவர்களிடம் போக முன், இரண்டு நிமிடம் இதைப் பாருங்கள்.

மறுபக்க நியாயம்

ஜீ.எம்.சி.யிடமிருந்து வரும் கடிதம் ஒரு வைத்தியரின் வாழ்க்கையை எவ்வளவு உலுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2005 முதல் 2013 வரையான காலத்தில், விசாரணையில் இருந்த வைத்தியர்களில் 28 பேர் தற்கொலை செய்துகொண்டனர் அல்லது அவ்வாறு சந்தேகிக்கப்பட்டது என்று, சபை கேட்டுக்கொண்ட ஆய்வொன்று 2014இல் வெளிப்படுத்தியது. வெள்ளையர் அல்லாத வைத்தியர்களை அவர்களது வேலைத்தளங்கள் ஜீ.எம்.சி.க்கு அனுப்பும் வீதம், வெள்ளையரோடு ஒப்பிடும்போது இரு மடங்குக்கும் அதிகம் என்று 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு கண்டது. எமது பிள்ளைகள் பலர் இன்று வைத்தியர்களாக இருக்கிறார்கள். ஆகவே கோபத்தைத் தீர்க்கவோ, பழைய பகையை முடிக்கவோ இந்த வழியைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. "டொக்டர், மகளின்ரை கலியாணத்துக்கு ஊருக்குப் போக வேணும், ஒரு சிக் நோட் தாங்கோ", "கேஸுக்கு உதவியா இப்படி ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்று உரிமையோடு கேட்பவர்கள் எம்மில் இருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே பாடசாலை என்ற உரிமை அது. ஆனால் உண்மையில்லாத ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டால், அந்த வைத்தியர் நேர்மையின்மை என்ற தலைப்பின் கீழ் தனது பதிவையே இழக்கக்கூடும். அதைவிட, ஒரு பொய்க் கடிதம் பிடிபட்டால், சித்திரவதைக்கு உள்ளாகி வந்த அடுத்த அகதிக்கு அதே வைத்தியர் எழுதும் உண்மைக் கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். வைத்தியர் "முடியாது" என்று சொன்னால், அவர் பாசமில்லாதவர் என்று எண்ணாதீர்கள்.

முறைப்பாடு எழுதும்போது

1. திகதி, நேரம், இடம், வைத்தியரின் முழுப்பெயர் ஆகியவற்றை நினைவு இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.
2. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுங்கள். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். ஊகத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.
3. உங்கள் மருத்துவக் குறிப்புகளின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை, பொதுவாக இலவசம்.
4. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள்: விளக்கமா, மன்னிப்பா, நட்டஈடா, மற்ற நோயாளர்களின் பாதுகாப்பா? கதவு எது என்பதை அந்த வசனமே காட்டிவிடும்.
5. அனுப்பியதன் பிரதியை வைத்திருங்கள்.
6. வைத்தியர் மன்னிப்புக் கேட்டால் அதை ஏற்றுக்கொள்ளத் தயங்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மன்னிப்புக் கேட்பது மட்டும் சட்டப்படி அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆகவே வைத்தியரும் பயப்படத் தேவையில்லை; உங்கள் வழக்கும் அதனால் பாதிக்கப்படாது.

ஷிப்மனின் நோயாளர்கள் அவரை ஊரிலேயே நல்ல டொக்டர் என்று நம்பியவர்கள். சந்தேகப்பட்ட சிலர் இருந்தார்கள்; அவர்களது குரல் உரிய காலத்தில் கேட்கப்படவில்லை. இன்றைய சட்டங்கள் அந்தக் குரலைக் கேட்பதற்காக ஏற்பட்டவை. நல்ல வைத்தியருக்கு நன்றி சொல்லுங்கள். பிழை விட்டவரிடம் விளக்கம் கேளுங்கள். ஆபத்தானவரைப் பற்றி மௌனமாக இருக்காதீர்கள். உங்களுக்கு நடந்தது நடந்து முடிந்திருக்கலாம். அந்தக் கதவுக்கு வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

குறிப்பு: இக்கட்டுரை பொதுவான அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் சொந்தப் பிரச்சினைக்கு உரிய சட்ட ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.